ஜெர்மானியக் கருத்துமுதல்வாதமும் இத்தாலிய நவீன இலக்கியமும்: வாரிசா, வழக்கா?

கேள்வி: முகப்புத் திண்ணை, காரைக்குடி

எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் வீட்டு வளவில் கூடும். இவ்வாண்டு இத்தாலிய நாவல்களை ஆங்கில வழியே படிப்பதென்று முடிவு செய்து, லூயிஜி பிராண்டெல்லோவின் மத்தியா பஸ்கல் நாவலையும் (1904), இத்தாலோ ஸ்வேவோவின் ஜீனோ நாவலையும் (1923) முடித்துவிட்டோம். இரண்டாவது நூலின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலேயே அரை மணி நேரம் கழிந்தது. இத்தாலியத் தலைப்பில் வரும் ‘கோஷென்ஸா’ என்ற சொல்லுக்குப் பிரக்ஞை என்றும் பொருள் உண்டு, மனசாட்சி என்றும் பொருள் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பழையது அதை வாக்குமூலம் என்று மாற்றிவிட்டது. பிந்தியது மனசாட்சி என்கிறது.

பேச்சு சூடேறியபோது, தத்துவத்தில் முதுகலை முடித்த நண்பர் ஒருவர் தீர்ப்பே வழங்கிவிட்டார். இவை யாவும் ஜெர்மானியக் கருத்துமுதல்வாதத்தின் வாரிசுகள் என்றும், காண்ட், ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் என்று வந்த வம்சம் இத்தாலியில் தத்துவவாதி குரோச்சே வழியாக இறங்கி, ‘நான்’ என்பதை ஆராயும் இந்த நாவல்களாகப் பிறந்தது என்றும் அவர் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர், “ஒரு சிகரெட்டை விடமுடியாமல் தவிக்கிற இந்த ஜீனோவா உலகத்தைப் படைக்கும் ஆன்மா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம், கூட்டம் கலைந்துவிட்டது.

எனக்குத்தான் மனம் கலையவில்லை. ஜெர்மானியத் தத்துவம் இத்தாலிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? இந்த எழுத்தாளர்கள் அதை உண்மையாகவே படித்தார்களா, அல்லது பிற்கால விமர்சகர்கள் கட்டிவிட்ட உறவா? நாவலின் பக்கங்களில் கைவைத்துக் காட்டக்கூடிய இடம் ஏதேனும் உண்டா? என் ஐயா கோவிலூர் மடத்தில் வேதாந்தப் பாடம் கேட்டவர். கைவல்ய நவநீதத்தை முழுதும் மனப்பாடமாகச் சொல்வார். அவர் சொல்லக் கேட்ட ‘நான்’ இதுதானா என்ற ஐயமும் கூடவே இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பழைய கரும்பலகை, தேவகோட்டை

தம்பிக்கு வணக்கம். உங்கள் நண்பர் சொன்ன வம்சாவளியில் பெயர்கள் சரியாகத்தான் இருக்கின்றன, உறவுமுறைதான் தவறிவிட்டது.

முதலில், கருத்துமுதல்வாதம் என்றால் உலகம் வெறுங்கனவு என்று சொல்வதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காண்ட் அப்படிச் சொல்லவில்லை. நாம் அறிகிற உலகம், அறிகிற நமது மனத்தின் சட்டங்களுக்குள் வந்து அமைந்த பிறகே நமக்கு உலகமாகிறது என்றார். அதற்கு அப்பால் உள்ள பொருளை, அது தன்னளவில் இருப்பதுபோல் நாம் அறியமுடியாது என்று எல்லைக்கல்லும் நட்டார். அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டவர் ஃபிக்டே. ‘நான்’ தன்னைத்தானே நிறுவிக்கொள்கிறது, தனக்கு எதிரான ‘நான் அல்லாததையும்’ தானே எதிரே நிறுத்திக்கொள்கிறது என்று 1794இல் எழுதினார். ஹெகல் அந்த ‘நானை’ வரலாறு முழுவதற்கும் விரித்தார். தன்னுணர்வு தனியாக நிற்காது, இன்னொரு தன்னுணர்வு அதை ஒப்புக்கொள்ளும்போதுதான் அது தன்னுணர்வாகிறது என்ற 1807ஆம் ஆண்டு நூலின் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டெல்லோவுக்கு வரும்போது தேவைப்படும்.

இத்தாலிக்கு வந்த பெருவழி நேப்பிள்ஸ் நகரம். 1848 புரட்சி தோற்றபின் அங்கிருந்த பூர்பன் அரசு பிரான்செஸ்கோ தே சாங்க்டிஸ் என்ற இலக்கிய ஆசிரியரைக் கடலோரக் கோட்டையில் சிறைவைத்தது. 1850 முதல் 1853 வரை அங்கே இருந்தவர், ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டு ஹெகலின் தர்க்க நூலைப் பெயர்க்க உட்கார்ந்துவிட்டார். சிறையில் அடைத்தால் மனிதன் எதைப் படிப்பான் என்று எந்த அரசுக்கும் தெரிவதில்லை. 1861க்குப் பிறகு அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெர்த்ராண்டோ ஸ்பவென்தா ஹெகலைப் பாடமாகவே நடத்தினார். அவருடைய வாதம் சுவையானது. நவீனச் சிந்தனை மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் புரூனோ, கம்பனெல்லா போன்றவர்களிடம் பிறந்தது. மதத் தண்டனைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறி, ஜெர்மனியில் வளர்ந்து ஹெகலாக முதிர்ந்தது. அதை வீட்டுக்கு அழைத்து வருவதுதான் நம் வேலை என்றார். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் இங்கிருந்து போயிற்று, ரங்கூனில் பெருகிற்று, கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் வட்டியும் முதலுமாகத் திரும்பிவிட்டார் என்பதே அவர் கணக்கு. ரங்கூன் பணம் எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

குரோச்சே இந்தக் குடும்பத்தோடு துயரத்தின் வழியாகச் சேர்ந்தவர். 1883இல் இஸ்கியா தீவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பெற்றோரையும் சகோதரியையும் இழந்தார். அவரே இடிபாட்டுக்குள் பல மணி நேரம் கிடந்து மீண்டவர். பதினேழு வயதுப் பையனை ரோமில் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் சில்வியோ ஸ்பவென்தா, மேலே சொன்ன பெர்த்ராண்டோவின் உடன்பிறந்தார். பிற்காலத்தில் குரோச்சே 1902இல் அழகியல் நூலையும், 1903 முதல் ‘லா கிரித்திகா’ இதழையும் வெளியிட்டார். 1907இல் ஹெகலிடம் உயிரோடிருப்பது எது, செத்துப்போனது எது என்று பிரித்தும் எழுதினார். அதிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தாலிய இலக்கிய மதிப்பீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் குறைவு.

ஆனால் அவருடைய அழகியல் என்ன சொல்கிறது? கலை என்பது உள்ளுணர்வு. அது வெளிப்பாடாகவே பிறக்கிறது. கருத்துகளைக் கொண்டு தர்க்கம் செய்வது வேறு துறை. ஆகவே பக்கத்துக்குப் பக்கம் தன்னையே விசாரித்துக்கொண்டிருக்கும் நாவல் அவர் கண்ணுக்குக் கலையாகவும் படவில்லை, தத்துவமாகவும் படவில்லை. பிராண்டெல்லோ 1908இல் நகைச்சுவையுணர்வு பற்றி ஒரு நூல் எழுதினார். குரோச்சே அதைக் கண்டித்தார். 1920இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிராண்டெல்லோ திருப்பிக் கொடுத்தார். பிணக்கு கடைசிவரை தீரவில்லை. ஹெகலின் அதிகாரபூர்வ வாரிசு இந்த நாவல்களுக்குத் தகப்பனாக அல்ல, நீதிபதியாகவே உட்கார்ந்திருந்தார்.

நாவலாசிரியர்களிடம் வந்து சேர்ந்த சரக்கு வேறு துறைமுகத்தில் இறங்கியது. அது த்ரியெஸ்தே. 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். தெருவில் இத்தாலிய வட்டாரப் பேச்சு, அலுவலகத்தில் ஜெர்மன். அங்கே ஹெகலைவிட அதிகம் படிக்கப்பட்டவர் அவருடைய பகைவரான ஷோபன்ஹவர். 1820இல் பெர்லினில் ஹெகல் பாடம் நடத்திய அதே நேரத்தில் தாமும் வகுப்பு வைத்து, ஆள் வராமல் போனவர். அவரும் காண்ட் வீட்டுப் பிள்ளைதான்: உலகம் என் மனத்தில் தோன்றும் தோற்றம் என்றே தம் பெருநூலைத் தொடங்குகிறார். ஆனால் அந்தத் தோற்றத்துக்கு அடியில் இருப்பது அறிவு அல்ல, கண்ணில்லாத விழைவு என்று முடிக்கிறார். மேலே சொன்ன தே சாங்க்டிஸே 1858இல் ஷோபன்ஹவரையும் இத்தாலியக் கவி லெயோபார்தியையும் ஒப்பிட்டு உரையாடல் வடிவில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார் என்பதால், இத்தாலிய வாசகனுக்கு அந்த இருட்டு ஏற்கெனவே பழகிய இருட்டு. தான் முதல் நாவலை எழுதியது ஷோபன்ஹவரின் கோட்பாட்டு வெளிச்சத்தில்தான் என்று ஸ்வேவோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே ஸ்வேவோவைப் பொறுத்தவரை விடை எளிது: ஹெகல் இல்லை, ஷோபன்ஹவர் உண்டு.

(அக்கால இத்தாலிய எழுத்தாளர் தனுன்சியோவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள். அவர் எடுத்துக்கொண்டது நீட்சேயின் மீசையை மட்டுமே என்பது என் கருத்து.)

பதில்: ஐந்தொகை, கானாடுகாத்தான்

ஐயா அவர்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஸ்வேவோவைப் பற்றி ‘விடை எளிது’ என்று முடித்ததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் முப்பது ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவள். அந்த மனிதரை வங்கிக் கணக்கரின் கண்ணால்தான் முதலில் படித்தேன். அதில் ஒரு வசதி இருக்கிறது.

அவருடைய உண்மைப் பெயர் எத்தோரே ஷ்மிட்ஸ். 1861இல் த்ரியெஸ்தேயில் யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் கண்ணாடிப் பாத்திர வியாபாரி. பிள்ளைகள் தொழிலுக்கு ஜெர்மன் கற்கவேண்டும் என்று பவேரியாவில் உள்ள ஸேக்னிட்ஸ் என்ற ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். பெட்டியடிப் பையனாகப் பினாங்குக்கும் மோல்மேனுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஷில்லரையும் கதேயையும் படித்துத் திரும்பிய பையனுக்குத் தகப்பனாரின் தொழில் நொடித்த செய்திதான் காத்திருந்தது. 1880இல் வியன்னா யூனியன் வங்கியின் த்ரியெஸ்தே கிளையில் கடிதப் போக்குவரத்து எழுதும் வேலையில் சேர்ந்து, 1899 வரை அங்கேயே இருந்தார். பிறகு மாமனார் வீட்டுத் தொழில்: கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் சாயம். ‘இத்தாலோ ஸ்வேவோ’ என்ற புனைபெயருக்கே ‘இத்தாலிய ஜெர்மானியன்’ என்பதுதான் பொருள். கேள்வி கேட்ட தம்பி தேடும் கலப்பு அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

முதல் நாவலை (1892) அவர் ‘லாயக்கற்றவன்’ என்ற தலைப்பில் எழுதினார். பதிப்பகம் ஒன்று அதை மறுத்தபின் ‘ஒரு வாழ்க்கை’ என்று பெயர் மாற்றிச் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதில் வரும் அல்போன்சோ நித்தி ஒரு வங்கியின் கடித எழுத்தர். பகலில் கடிதங்களைப் படியெடுக்கிறான். மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து, நவீன உலகில் அறத்தின் இடம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதத் திட்டமிடுகிறான். நூல் நகரவே இல்லை. தன்னைப் பற்றி அவன் மனத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்குக்கும், வங்கியில் அவன் பெயரில் ஏறியிருக்கும் கணக்குக்கும் ஒருநாளும் இணக்கம் வரவில்லை, தற்கொலையில் முடிகிறான். இதுவரை ஐயா சொல்வது சரி, இது ஷோபன்ஹவர்தான்.

ஜீனோ அப்படி அல்லன். முடக்குவாதம் வந்த ஒரு பழைய தோழனை ஜீனோ காப்பிக்கடையில் சந்திக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். தன் நோயைப் பற்றி நிறையப் படித்துவிட்ட அந்தத் தோழன், வேகமாக நடக்கும்போது ஓர் அடி எடுத்துவைக்க அரை வினாடிதான் ஆகிறது, அந்த அரை வினாடிக்குள் ஐம்பத்து நான்கு தசைகள் இயங்குகின்றன என்று சொல்கிறான். ஜீனோ எழுந்து நடக்கிறான். தன் காலுக்குள் அந்த ஐம்பத்து நான்கையும் தேடுகிறான். நொண்டத் தொடங்குகிறான். கதை முழுக்க, யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றினாலே அந்தக் கால் மறுபடி இழுக்கிறது.

இந்த இடத்தை விழைவுக் கோட்பாட்டால் விளக்கிவிட முடியாது. ‘நான்’ தன்னையே நோக்கித் திரும்பும் அந்தச் செயலில்தான் ‘நான்’ பிறக்கிறது என்பது ஃபிக்டேயின் வாதம். ஸ்வேவோ அதே திரும்பிப் பார்த்தலை எடுத்துக்கொண்டு, அதனால் ஒருவனுக்குக் கால் போயிற்று என்று எழுதுகிறார். ஃபிக்டேயைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் பள்ளியில் ஷில்லரைப் படித்த பையனுக்குத் தன்னுணர்வு என்பது உயர்ந்த சொல்லாக, ஏறக்குறைய மந்திரமாகக் கற்பிக்கப்பட்டிருக்கும். வளர்ந்தபின் அந்த மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. பயன்படாத சொத்தும் பரம்பரைச் சொத்துதானே.

வங்கிக்காரியாக இன்னொன்றும் சொல்லவேண்டும். பேரேட்டில் ஒரு பற்று எழுதினால் அதற்கு எதிரே எங்கோ ஒரு வரவு நிற்கவேண்டும். இரண்டையும் ஒரே கை எழுதி, அதே கை தணிக்கையும் செய்து, ஐந்தொகையும் இறக்கிவிட்டால் அந்தக் கணக்கை எந்த மேலாளும் ஏற்கமாட்டார். தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும் ‘நான்’ அப்படிப்பட்ட கணக்கு. ஜீனோ தன் வைத்தியருக்காகத் தானே எழுதும் வாழ்க்கைக் குறிப்பு அதுவேதான்: தகப்பனார் சாகும் தறுவாயில் கையை ஓங்குகிறார், அது மகன் கன்னத்தில் விழுகிறது, உயிர் போகிறது. அடித்தாரா, கை தானாக விழுந்ததா? அதற்குப் பிறகு எத்தனையோ பக்கங்கள் ஜீனோ வரவு எழுதிப் பார்க்கிறான். எதிர்க்கணக்குக்கு உரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதில்: கோவிலூர்ச் சாலை

வேதாந்தம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் என் பதில். ஷோபன்ஹவர் உபநிடதங்களைப் போற்றியவர் என்பது உண்மை. அவர் படித்தது 1801–1802இல் அச்சான லத்தீன் பெயர்ப்பு, அதுவும் தாரா ஷுகோ செய்வித்த பாரசீகப் பெயர்ப்பிலிருந்து எடுத்தது. நம் கைவல்ய நவநீதத்தைக் கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1850களில் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஸ்வேவோவுக்குக் கோவிலூர் மடத்தோடு தொடர்பு என்று யாராவது கட்டுரை எழுதிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஐயா சொன்ன ‘நான்’ வேறு. கைவல்யத்தில் குரு சீடனுக்குக் காட்டுவது, உடலும் மனமும் அகங்காரமும் கழிந்தபின் எஞ்சும் சாட்சி. அது எதையும் நிறுவுவதில்லை, எதையும் செய்வதில்லை. ஃபிக்டேயின் ‘நான்’ முழுக்க முழுக்கச் செயல். அதை நம் சொல்லில் சொன்னால் கர்த்திருத்துவம், ‘செய்பவன் நானே’ என்னும் எண்ணம், அதாவது வேதாந்தி கழற்றிவிடச் சொல்லும் சட்டை. ஜீவன் ஒன்றா பலவா என்ற வழக்குக்கு நம் பக்கத்தில் தனி நூல்களே உண்டு. அந்தக் கேள்வி மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

மறுகேள்வி: முகப்புத் திண்ணை, காரைக்குடி

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன ஐம்பத்து நான்கு தசைகளை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் நிறுத்திப் படிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிராண்டெல்லோ ஜெர்மனியில் படித்தவர் என்கிறார்களே, அவரிடமாவது நேரடித் தொடர்பு உண்டா?

பதில்: நூலகத்தடி, பள்ளத்தூர்

உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. 1867இல் சிசிலியில் பிறந்த பிராண்டெல்லோ 1889இல் பான் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1891இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் தத்துவம் அன்று. தம் சொந்த ஊரான ஜிர்ஜென்தியின் வட்டாரப் பேச்சொலிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய ஆய்வேடு. (அப்பச்சி, ஆத்தா, ஆச்சி என்று நாம் பேசும் பேச்சைப் பற்றி யாராவது ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தால் நாம் எவ்வளவு பெருமைப்பட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.) கதேயின் ரோமானிய இரங்கற்பாக்களை இத்தாலியத்தில் பெயர்த்தார். ‘நான்’ சிதறுவது பற்றிப் பேசும்போது அவர் பெயர் சொல்லி எடுத்தாள்வது ஆல்ஃப்ரெட் பினே என்ற பிரெஞ்சு உளவியலாளரை. ஆகவே ஹெகலிடமிருந்து பிராண்டெல்லோவுக்கு நேர்க்கோடு போடுபவர்களிடம் ஆவணத்தைக் கேளுங்கள்.

இன்னொரு கோடும் போடுவார்கள். ஜொவான்னி ஜென்டிலே என்ற தத்துவவாதியும் சிசிலிக்காரர். குரோச்சேயின் நெருங்கிய தோழராக இருந்து, பின் அரசியலில் பிரிந்து, முசோலினியின் கல்வி அமைச்சரானவர். நினைத்துக்கொண்டிருக்கும் நினைப்பே உண்மை, நினைத்து முடிந்து உறைந்துவிட்டது உண்மையன்று என்ற கோட்பாட்டை 1916இல் நூலாக்கினார். பிராண்டெல்லோவின் நாடகங்களில் ஓடும் வாழ்வுக்கும் அதை உறையவைக்கும் வடிவத்துக்கும் நடக்கும் போராட்டம் இதைப்போலவே தோன்றும். ஆட்ரியானோ தில்கெர் என்ற விமர்சகர் 1922இல் அந்த வாழ்வு-வடிவச் சூத்திரத்தை எழுதியபின் உலகமே பிராண்டெல்லோவை அப்படித்தான் படித்தது. அவரும் முதலில் மகிழ்ந்து, பிறகு தாமே அந்த வடிவத்துக்குள் உறைந்துவிட்டோமே என்று வருந்தினார். ஆனால் தேதியைப் பாருங்கள். மத்தியா பஸ்கல் 1904. ஜென்டிலேயின் நூல் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மனிதன் தன் சாவுச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டான். இருவரும் ஒரே கிணற்றில் இறைத்தார்கள் என்று சொல்லலாம். ஒருவர் குடத்திலிருந்து மற்றவர் ஊற்றிக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

பக்கத்தில் கைவைத்துக் காட்டச் சொன்னீர்கள். பஸ்கல் நாவலில் பொம்மலாட்டம் பற்றிய பேச்சு வருமே, அதைச் சொல்வேன். கிரேக்க நாடக நாயகன் ஒரெஸ்தேஸாக வரும் பொம்மை, தகப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்கக் கையை ஓங்கும் நொடியில், மேடைக்கு மேலே ஒட்டியிருக்கும் காகித வானம் கிழிந்துவிட்டால் என்ன ஆகும் என்று கதாநாயகனின் வீட்டுக்காரர் கேட்கிறார். கண் மேலே போகும், கை விழுந்துவிடும், ஒரெஸ்தேஸ், பழிவாங்கத் தயங்கி நிற்கும் ஹாம்லெட் ஆகிவிடுவான் என்று அவரே விடையும் சொல்கிறார். அதே நாவலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: மனிதன் ஒவ்வொருவனும் தனக்குள் ஒரு சிறு விளக்கை ஏந்தியிருக்கிறான், விளக்கின் வட்டத்துக்கு வெளியே தெரியும் இருட்டு, விளக்கு இருப்பதால் மட்டுமே இருட்டாகத் தெரிகிறது. காண்டின் எல்லைக்கல்லை இதைவிட வீட்டுப் பேச்சில் சொல்லமுடியுமா என்று தெரியவில்லை. அதைச் சொல்பவரை ஆவியுலகப் பைத்தியம் பிடித்த ஒரு கிழவராகப் படைத்திருப்பதில்தான் பிராண்டெல்லோவின் குறும்பு இருக்கிறது.

ஆனால் உங்கள் வட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது அவருடைய கடைசி நாவல், ‘ஒருவன், யாருமிலன், நூறாயிரவன்’ (1926). நம் ஊரில் அதைப் படிக்கத் தனிக் காரணம் உண்டு. கதாநாயகன் மொஸ்கார்தா வட்டித்தொழில் செய்தவரின் மகன். தகப்பனார் வைத்துப்போன வங்கியை இரண்டு ஆட்கள் நடத்த, இவன் சும்மா உட்கார்ந்து தின்கிறவன். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் தடவிக்கொண்டிருக்கும்போது மனைவி, அது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதே என்கிறாள். இருபத்தெட்டு வயது வரை அவனுக்கு அது தெரியாது. மனைவி காணும் ஆள் வேறு, நண்பன் காணும் ஆள் வேறு, ஊர் காணும் ஆள் வெறும் ‘வட்டிக்காரன்’ என்று புரிய, அந்த நூறாயிரம் பேரையும் ஒவ்வொருவனாகக் கொல்லப் புறப்படுகிறான். ஓர் ஏழையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். கூட்டம் வட்டிக்காரன் என்று கூச்சலிடுகிறது. உடனே அதே ஏழைக்கு வேறு வீடு எழுதிவைத்த பத்திரம் வாசிக்கப்படுகிறது. கூட்டம் ஒரு நொடி திகைத்துவிட்டு, பைத்தியக்காரன் என்று கூச்சலிடுகிறது. நல்லவன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தேவகோட்டை ஐயா நினைவில் வைக்கச் சொன்ன ஹெகல் பகுதி இங்கேதான் வருகிறது. மற்றவன் ஒப்புக்கொள்வதால் நான் ‘நான்’ ஆகிறேன் என்றார் ஹெகல். மற்றவன் ஒப்புக்கொள்வதாலேயே நான் களவு போகிறேன் என்கிறான் மொஸ்கார்தா. ஹெகலிடம் இது ஒரு படி, ஏறிப் போய்விடலாம். இவனுக்கு அந்தப் படிக்கு மேலே மாடியே இல்லை.

பதில்: பழைய கரும்பலகை, தேவகோட்டை

கானாடுகாத்தான் ஆச்சி என்னைத் திருத்தியது சரியே. ‘விடை எளிது’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாவலை விட்டுவிட்டு நூற்பட்டியலை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு பெயரைச் சேர்க்க மறந்துவிட்டேன். கார்லோ மிக்கேல்ஸ்டேட்டர், த்ரியெஸ்தேக்கு அருகில் உள்ள கொரிஸியாக்காரர். ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பட்ட ஆய்வேடு எழுதினார். அதை முடித்த கையோடு 1910 அக்டோபர் 17 அன்று, இருபத்து மூன்று வயதில், தம்மைச் சுட்டுக்கொண்டார். ஆய்வேடு ஒரு கொக்கியில் தொங்கும் எடையில் தொடங்குகிறது. எடை கீழே போகத் துடிக்கிறது, கொக்கி விடுவதில்லை. சரி, விட்டுவிடுவோம் என்றால், எந்த இடத்துக்குப் போனாலும் அதற்குக் கீழே இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இனிக் கீழே இடமில்லை என்று அது நிறைவடைந்தால் அது எடையாகவே இராது. ஷோபன்ஹவரின் விழைவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நாவல் அன்று, கவிதையும் அன்று, பல்கலைக்கழகம் எதிர்பார்த்த தத்துவமும் அன்று. உங்கள் கூட்டத்தில் முதல் பத்துப் பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள்.

குரோச்சேயின் மீதும் அநியாயம் வேண்டாம். ஜென்டிலே 1925 ஏப்ரலில் பாசிச அறிவாளிகளின் அறிக்கையை எழுதியபோது, மே முதல் நாளில் எதிர் அறிக்கை வெளியிட்டவர் குரோச்சே. அதில் கையெழுத்திட்ட இளைஞர்களில் ஒருவர் கவிஞர் மொந்தாலே. அதே ஆண்டில் ஸ்வேவோவை இத்தாலியருக்கு எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதியவரும் அவரே. அழகியலில் தீர்ப்பு தவறிய நீதிபதி, வேறொரு வழக்கில் துணிந்து தீர்ப்பு எழுதினார்.

பதில்: ஐந்தொகை, கானாடுகாத்தான்

தலைப்புப் பிரச்சினையை யாரும் தொடவில்லையே என்று வருகிறேன். பிரக்ஞை என்றால் மனசாட்சி விட்டுப்போகிறது, மனசாட்சி என்றால் பிரக்ஞை விட்டுப்போகிறது என்பதுதானே தம்பியின் சங்கடம். ஜெர்மன் மொழியில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனிச்சொற்கள் உண்டு. ஜெர்மானியத் தத்துவம் அவற்றைத் தனித்தனி அறையில் வைத்தே பேசியது. இத்தாலியத்தில் ஒரே சொல். ஜெர்மன் பள்ளியில் படித்துவிட்டு இத்தாலியத்தில் எழுதிய ஸ்வேவோவுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தன்னை அறிவதற்கும் தன்னைக் குற்றம் சாட்டுவதற்கும் இடையே சுவரில்லாத வீட்டில்தான் ஜீனோ குடியிருக்கிறான்.

நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. தன் நெஞ்சு அறிவதைப் பொய்க்கக் கூடாது, பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று குறள் சொல்லும்போது, முதல் நெஞ்சு அறிகிறது, இரண்டாவது நெஞ்சு சுடுகிறது, இரண்டும் ஒன்றே. ‘ஜீனோவின் நெஞ்சு’ என்று வைத்துப் பாருங்கள். காதல் கதை என்று நினைத்துவிடுவார்களே என்று என் மகள் சொல்கிறாள். நினைக்கட்டும், அவனும் ஒரே மாலையில் மூன்று சகோதரிகளிடம் அடுத்தடுத்துத் திருமணப் பேச்சு எடுத்தவன்தான். ‘கடைசி சிகரெட்’ என்று நாள் குறித்து நாள் குறித்து அறுபது வயதை நெருங்குகிறவனுக்கு, வைத்தியர் காதை வைத்துக் கேட்பதும் அந்த நெஞ்சைத்தான்.